வீரமுத்துவின் உயில்

வீரமுத்துவுக்குச் செரம்பானை அடுத்த ராசா என்ற ஊரில் அரை ஏக்கர் நிலம் இருந்தது. ரெம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பன்னிரண்டு வருஷம் பால்மரம் சீவிச் சேர்த்ததில் வாங்கியது. சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரர்கள் அவன் பெயரை எழுதிக்கொண்டபோது, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியைக் கொண்டு ஓர் உயில் எழுதினான். நிலம் மனைவி தாயம்மாவுக்கு. சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவன் ஆறுமுகம். மறுவாரம் வீரமுத்துவும் அவனும் ஒரே லோரியில் ஏறிப் போனார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து ஆறுமுகம் மட்டும் திரும்பினான், காலில் ஆறாத புண்ணோடு. தாயம்மா ஓடிப்போய்க் கேட்டாள்.

"அவர வேற கேம்புக்கு மாத்திட்டான் தங்கச்சி. வந்துடுவாரு."

அந்த வருஷ மழையில், அவள் குடியிருந்த தோட்டத்து லயத்தில் கூரை ஒழுகி, உயிலின் ஓரம் நனைந்துவிட்டது. தாயம்மா பயந்துபோனாள்.

"இத செரம்பான் நில ஆபீஸ்ல கொடுத்து வச்சிடலாம்ண்ணே. சாட்சிக்கு நீங்க வாங்க."

ஆறுமுகம் இரண்டு நாள் சாக்குச் சொன்னான். மூன்றாம் நாள் கம்பை ஊன்றிக்கொண்டு கிளம்பினான்.

ஆபீஸ் வாசலில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். அங்கே கிராணியாக இருந்த அமிர்தலிங்கம் தாளை நிதானமாகப் படித்தார்.

"எழுதினவரு எங்கம்மா?"

"சயாம்ல இருக்காருங்க."

"உயிரோட இருக்கறவரு உயில இங்க பதிய மாட்டாங்க. அவரு காலத்துக்கு அப்புறந்தான் பேரு மாத்த முடியும். வீட்லயே பத்திரமா வச்சிரு."

தாயம்மாவின் முகம் தெளிந்தது. தாளை மடித்தாள். "அப்ப அவரே வந்து பாத்துக்குவாரு. வாங்கண்ணே, போவோம்."

ஆறுமுகம் நகரவில்லை.

"பதிஞ்சிடுங்க ஐயா," என்றான். "அவன் இல்ல. நாந்தான் பொதச்சேன்."

தாயம்மா அவனையே பார்த்தாள். "எப்ப?"

"போன வருசம் ஆடியில. வாந்திபேதி. நீ ஓடி வந்ததப் பாத்ததும் சொல்ல நாக்கு எழல தங்கச்சி."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அமிர்தலிங்கம் அவசரப்படுத்தவில்லை. உட்கார்ந்தபடியே அவள்தான் கேட்டாள்.

"இத பதியாம விட்டா, அவரு இருக்கறதாவே இருக்குமாங்க?"

"எங்க தாள்ல இருக்கும்மா."

அவள் யோசித்தாள். பிறகு எழுந்து மேசைக்கு வந்தாள். ஆறுமுகம் சொல்லச் சொல்ல அமிர்தலிங்கம் வாக்குமூலம் எழுதினார். ஜப்பானியக் கணக்கில் வருஷம் 2603, அதாவது 1943; தேதி தெரியாது. தாயம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் 'விதவை' என்று எழுதியதை மட்டும் அவர் வாசித்துக் காட்டவில்லை. அவள் கட்டைவிரலை நீட்டினாள்.

திரும்பும் வழியில், பாதை லயத்துக்குப் பிரியும் இடத்தில் நின்றாள்.

"கடைசியில அவருக்குத் தண்ணி கெடச்சிச்சா?"

"நாந்தான் ஊத்துனேன்."

தாயம்மா தலையாட்டினாள். அப்புறந்தான் அழுதாள்.