மச்சான் கொஞ்சம் நொண்டினால் போதும்

அந்த வருஷம் துறைமுகத்து அணி ஜெயிக்க ஜெயிக்க ஊரே குதித்தது. ஒரே ஒரு வீட்டில் மட்டும், ஒவ்வொரு வெற்றிக்கும் இழவு விழுந்த மாதிரி புருஷனும் பெண்டாட்டியும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புருஷன் எதிரணிக்காரன் இல்லை. துறைமுகத்து அணியின் இரண்டாவது கோல்கீப்பர்.

மூட்டை இறக்கும் கொட்டகையில் அவனுக்குப் பெயர் 'பெஞ்சு'. சீசன் தொடங்கியதிலிருந்து ஆட்ட நாளன்று அவன் உட்கார்ந்திருந்த இடம் அது. மேஸ்திரி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொல்வார்: "காலையில சுமக்குற, சாயங்காலம் உட்கார்ற. ராஜயோகம்டா உனக்கு."

நாட்டின் முதல் தர லீக் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டிவியில் காட்டுவார்கள், பேப்பரில் போட்டோ போடுவார்கள், வாஸ்தவம்தான். ஆனால் துறைமுகத்துக்காக ஆடுகிறவன் விடிந்ததும் மூட்டை தூக்கும் கொக்கியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், கப்பலிலிருந்து வந்த உர மூட்டைகளைத் தோளில் சுமந்து அடுக்கிவிட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் மைதானத்துக்கு வருவான். மைதானத்துக்கு வந்த பிறகும் மூக்கைச் சிந்தினால் உரத் தூள்தான் வரும்.

பந்துக்காக வேலைக்கு எடுத்த ஆட்களுக்கு ஒரு சட்டம் உண்டு. சேர்ந்த சீசன் முடிவதற்குள் லீக்கில் ஒரு ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். ஆடியிருந்தால் கொட்டகை வேலை நிரந்தரம், சாகும்வரை கவலை இல்லை. ஆடாதவன் கொக்கியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். முழு ஆட்டம்கூட வேண்டாம், கடைசி ஐந்து நிமிஷம் கம்பத்துக்கு நடுவில் நின்றாலும் கணக்கு.

அந்த ஐந்து நிமிஷத்துக்குக் குறுக்கே நின்றவர் வேறு யாருமில்லை, அவன் மனைவியின் சொந்த அண்ணன். துறைமுகத்தின் முதல் கோல்கீப்பர். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'பூட்டு'. காய்ச்சலோடு ஆடியவர், விரல் பிசகி ஆடியவர், தகப்பனைத் தகனம் செய்த மறுநாளே கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றவர். ஒரு ஆட்டம்கூட விட்டதில்லை, பாதியில் வெளியே வந்ததும் இல்லை. அதுதான் அவருடைய சொத்து. தங்கை புருஷனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். கொடுத்த கையாலேயே வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவில்லை.

ஆரம்பத்தில் பெஞ்சுக்குப் பெரிய கவலை இல்லை. துறைமுகத்து அணி என்றைக்குமே பட்டியலின் நடுவில் கிடக்கும் அணி. மேலே போகிற ஆசையும் கிடையாது, கீழ்ப் பிரிவுக்கு இறங்குகிற பயமும் கிடையாது. கடைசி மாசத்தில் யாருக்கும் உதவாத ஆட்டங்கள் நாலைந்து வரும். "அதுல ஒண்ணுல உன்னை இறக்கிடுறேன், போ" என்று கோச் வாக்குக் கொடுத்திருந்தார். பெஞ்சும் நம்பித்தான் இருந்தான்.

அந்த வருஷம் பார்த்து அணிக்கு என்ன வந்ததோ, ஜெயிக்கத் தொடங்கியது.

முதலில் எல்லோரும் தற்செயல் என்றார்கள். மழை வந்து போனது, வெயில் வந்தது, தற்செயல் நிற்கவில்லை. துறைமுகம் பட்டியலில் மூன்றாவது, பிறகு இரண்டாவது, பிறகு ரயில்வே அணியோடு தோளுக்குத் தோள் முதலிடம். ஒவ்வொரு ஆட்டமும் உயிர் ஆட்டம் ஆகிவிட்டது. உதவாத ஆட்டம் என்று ஒன்று பாக்கி இல்லை.

"உங்க அணி எப்பங்க தோக்கும்?" என்று கேட்டாள் மனைவி. கேட்டுவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள், யார் காதிலாவது விழுந்தால் கல்லெறிவார்கள்.

"எதிரணிக்காரன் கோல் போட்டாத்தானே தோக்கும்? உங்க அண்ணன் எங்கே விடுறாரு?"

வயிற்றெரிச்சல் என்னவென்றால், பூட்டை அந்த அளவுக்குத் தீட்டிவிட்டவனே பெஞ்சுதான். இரண்டாவது கீப்பரின் வேலை அது. தினமும் பயிற்சியில் முதல் கீப்பருக்கு எதிரே நின்று பந்தை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவர் பிடித்துக்கொண்டே இருப்பார். பெஞ்சின் காலில் நல்ல வலு.

மச்சானை மந்தமாக்கினால் கோச் கண்ணில் படும் என்று கணக்குப் போட்டு, சில நாள் பந்தைத் தடவிக் கொடுத்தான். பூட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினார்: "ஏன் மாப்பிள்ளை, எந்தங்கச்சி சோறு போடலையா? இப்படி உதைச்சா எங்க அம்மாவே பிடிச்சிருவா."

மைதானமே சிரித்தது. பெஞ்சுக்குச் சுருக்கென்றது. மெதுவாக அடித்தால்தானே வம்பு என்று வேறு வழிக்குத் தாவினான். இன்னும் கிட்டே வந்து, உள்ள பலத்தையெல்லாம் திரட்டி, நெஞ்சுக்கும் முகத்துக்கும் நேராக உதைத்தான். ஒரு விரல் பிசகினால் போதும், ஒரு வாரம் படுத்தால் போதும், பெரிதாக எதுவும் வேண்டாம். மூட்டைக் கொட்டகையின் ஆத்திரம், மேஸ்திரியின் நக்கல், வீட்டு வாடகை எல்லாம் அந்த உதையில் இருந்தது.

பூட்டுக்கு விரல் பிசகவில்லை. கண் கூர்மையாகிவிட்டது. அடுத்த ஆட்டத்திலேயே பெனால்டி ஒன்றை ஒற்றைக் கையால் தட்டிவிட்டார். ஆட்டம் முடிந்ததும் பெஞ்சை இழுத்துக் கட்டிக்கொண்டு, "உன் உதைக்கு முன்னால இவன் உதையெல்லாம் கொசுக்கடி மாப்பிள்ளை" என்றார். பெஞ்சு பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். போட்டோவில் அது சந்தோஷம் மாதிரியே விழுந்தது.

கடைசி ஆட்டம் ஒன்றுதான் மிச்சம் என்றபோது மனைவி பொறுக்கமாட்டாமல் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். பெஞ்சும் பின்னாலேயே போனான். போகாமல் இருந்தால் கோழை என்பாள்.

பூட்டு கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கையுறைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். தங்கை டீயைத் தொடவில்லை.

"அண்ணே, கடைசி மேட்ச்ல கொஞ்ச நேரம் வெளிய வாங்க. இவரு உள்ள போகட்டும்."

"பட்டம் முடிவாகுற ஆட்டத்துலயா? வெளையாடுறியா பாப்பா?"

"முழுசா வேண்டாம். ஜெயிச்சாச்சுன்னு தெரிஞ்சப்புறம் வாங்க. கடைசி அஞ்சு நிமிஷம்."

"நான் பாதியில வெளிய வந்ததே இல்ல, தெரியுமா? அடிபட்டுச் சாய்ஞ்சாத்தான் உண்டு."

"சாய வேண்டாம்ணே. கொஞ்சம் நொண்டினா போதும்."

அண்ணி களுக்கென்று சிரித்துவிட்டு, புருஷன் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பூட்டு பெஞ்சைப் பார்த்தார். "நீ என்னப்பா ஊமைச்சாமியாட்டம் நிக்கிற? சொல்லு."

"மச்சான், இந்த வேலை போச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு உங்க வீட்டுக்குத்தான் வரணும். மூணு பேரா வருவோம். இவ உண்டாகியிருக்கா."

பூட்டு தங்கையைப் பார்த்தார், இரண்டு அறையுள்ள தன் வீட்டைப் பார்த்தார், கையுறையைக் கீழே வைத்தார். "சரி. மூணு கோல் முன்னால இருந்தா மட்டும். முழங்காலைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்றேன். எந்தங்கச்சிக்காக. வெளிய ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி பேசிக்கொண்டே வந்தாள். குழந்தைக்குத் தொட்டில் எந்த மூலையில் போடலாம் என்பதுவரை பேசி முடித்தாள்.

கடைசி ஆட்டம். ஜெயித்தால் பட்டம். எதிரணி ஏற்கெனவே கீழ்ப் பிரிவுக்கு இறங்கிப்போன அணி, பாதிப் பேர் அடுத்த வேலை தேடுகிற ஞாபகத்தில் ஆடினார்கள். இடைவேளைக்குள் இரண்டு கோல். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் விழவில்லை. பெஞ்சு பெஞ்சில் உட்கார்ந்து, வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தன் அணி இன்னொரு கோல் போட வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். விழுந்தது. மூன்று.

பெஞ்சு கையுறையை மாட்டினான். அவசரத்தில் வலதை இடதிலும் இடதை வலதிலும் போட்டு, கழற்றி, மறுபடி போட்டான்.

எதிரணி அடித்த ஒரு சொத்தைப் பந்தைப் பூட்டு நிதானமாகப் பிடித்தார். வெளியே உருட்டிவிட்டார். உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நடிப்பு கேவலம். முதலில் வலதைப் பிடித்தார், யோசித்து இடதுக்கு மாற்றினார். நல்லவேளை, அவர் உட்கார்ந்ததும் அலறிய கூட்டத்துக்கு எந்தக் கால் என்ற கவலை இல்லை.

"உன் மச்சானுக்கு என்னாச்சுடா?" என்று கோச் பதறினார். "தயாராகு, தயாராகு!"

பெஞ்சு கோட்டோரம் போய் நின்றான். எண் பலகையை உயர்த்தினார்கள். அவன் எண் பச்சையில் எரிந்தது. புல்லுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடுதான். மனைவி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடக்கூட இல்லை, கண்ணை எடுத்தால் கோடு நகர்ந்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன கூட்டம் எழுந்து நின்றது.

"பூட்டு! பூட்டு! பூட்டு!"

முதலில் ஒரு மூலையில். பிறகு நாலு பக்கமும். மூட்டைக் கொட்டகைக்காரர்கள், மீன் ஏலக்காரர்கள், சுங்க ஆபீஸ் குமாஸ்தாக்கள், பெண்கள், எல்லோரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். உட்கார்ந்திருந்த மனுஷன் தலையைத் தூக்கினார். சுற்றிலும் பார்த்தார். அந்த முகத்தில் என்ன ஏறுகிறது என்பது பெஞ்சுக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

"எழுந்திருக்காதீங்க மச்சான்" என்று முணுமுணுத்தான். அப்புறம் கத்தியே விட்டான்: "படுங்க மச்சான், படுங்க!"

பக்கத்தில் நின்ற மாற்று ஆட்டக்காரன் நெகிழ்ந்துபோனான். "பாசம்னா இதுதான்யா" என்றான்.

பூட்டு எழுந்தார். ஒரு காலை ஊன்றினார், கூட்டம் வெடித்தது. இன்னொரு காலை ஊன்றினார், வானம் இடிந்தது. நெஞ்சில் ரெண்டு தட்டுத் தட்டிக்கொண்டு, கோட்டோரம் நின்றவனைப் பார்த்து, வேண்டாம் என்று கையை அசைத்தார். ஈ ஓட்டுகிற மாதிரி. எண் பலகை இறங்கியது. அதற்கப்புறம் பந்து பூட்டின் பக்கம் வரவே இல்லை. விசில் ஊதும்வரை சும்மா நின்றார், கைகளை விரித்துக்கொண்டு, ராஜா மாதிரி.

துறைமுகம் நாட்டின் சாம்பியன் ஆனது.

மறுநாள் மேஸ்திரி கொக்கியைக் கேட்டார். கேட்கும்போது அவருக்கே நாக்கு தடுமாறியது. "சாம்பியன் அணியில இருந்திருக்கடா. அது பெருமைதானே" என்றார். "பெருமையை எந்தக் கடையில வாங்கிக்குவாங்க மேஸ்திரி?" என்று கேட்டுவிட்டு பெஞ்சு வெளியே வந்தான்.

பூட்டு ஒரு தரம் வீட்டுக்கு வந்தார், பெரிய இனிப்புப் பெட்டியோடு. தங்கை கதவைப் பாதிதான் திறந்தாள்.

"கூட்டம் கூப்பிட்டுச்சு பாப்பா. கால் தானா எழுந்திருச்சு. உனக்குச் சொன்னாப் புரியாது."

"புரியுதுண்ணே. நான் ஒருத்திதான் கூப்பிட்டேன். அது கூட்டம் இல்லையே."

அவர் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். மனசு உறுத்தியிருக்க வேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் பாராட்டு விழாப் பேச்சு. அமைச்சர் மாலை போட்டதும் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "இந்தப் பட்டம் எனக்குச் சேராது. என் மாப்பிள்ளைக்குச் சேரும். தினமும் எனக்குப் பந்து உதைச்சு உதைச்சு என்னை உருவாக்கினவன் அவன். என்னை அவனைவிட நல்லாத் தெரிஞ்ச ஆள் இந்த நாட்டுலயே கிடையாது" என்று தழுதழுத்தார். எல்லா டிவியிலும் வந்தது.

ரயில்வே அணிக்காரர்களும் வீட்டில் டிவி வைத்திருப்பவர்கள்தானே. அந்த வாரமே ஆள் அனுப்பினார்கள்.

ரயில்வே கோச் குட்டையான மனுஷன், வெட்டொன்று துண்டு ரெண்டாகப் பேசுகிறவர். பணிமனைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் வைத்தே பேச்சு. "எங்க கீப்பருக்குப் பந்து உதைக்க ஆள் வேணும். ஆடணும்னு கட்டாயம் இல்ல. பணிமனையில வேலை, சேர்ற அன்னைக்கே நிரந்தரம். குவார்ட்டர்ஸ் தர்றோம்."

பெஞ்சு ஒரு எட்டு முன்னால் வைத்தான். "எப்ப சேரணும் சார்?"

"இப்பவே சேரலாம். ஒண்ணே ஒண்ணு சொல்லணும். பூட்டு எந்தப் பக்கம் திறக்கும்?"

பெஞ்சு தரையைப் பார்த்தான். "அவரு என் பெண்டாட்டியோட அண்ணன் சார்."

"தெரியும்ப்பா. அதனாலதானே வேற யாரையும் கூப்பிடல."

கிளம்பும்போது மனைவி சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே சொல்லியிருந்தாள்: "என்ன கேட்டாலும் குடுத்துட்டு வாங்க." வயிறு நாலாம் மாசத்தில் மேடிடத் தொடங்கியிருந்தது. என்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

"இத்தனை வருஷமா இடது தோள்லதான் மூட்டை தூக்குறாரு" என்றான் பெஞ்சு. குரல் தானாகவே வந்தது. "அந்தப் பக்கம் இடுப்பு இறுகிப் போச்சு. மேல வந்தா எட்டிருவாரு. தரையோட ஒட்டி இடது பக்கம் போனா, சாயறதுக்குக் கொஞ்சம் நேரமாகும். யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது."

கோச் ஒரு பந்தை எடுத்து அவன் காலடியில் வைத்தார். ரயில்வேயின் முன்னணி ஆட்டக்காரர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். "எல்லாரும் வந்து பாருங்கடா."

கோல் கம்பத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் பெஞ்சுக்கு அங்கே ஒருவர் நிற்பது தெரிந்தது, கைகளை விரித்துக்கொண்டு. இரண்டடி பின்னால் போய், ஓடிவந்து உதைத்தான். பந்து புல்லைச் சீவிக்கொண்டு போய் கம்பத்தின் உள்பக்கத்தைத் தொட்டு வலைக்குள் விழுந்தது.

"எங்கே, இன்னொரு தரம்" என்றார் கோச். "இவனுங்களுக்குச் சரியாத் தெரியல."

அவன் இன்னொரு தரம் உதைத்தான்.