நிபுணரும் மலிவுத் தூண்டிலும்

அக்கா வீட்டுக்காரரை நேரில் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அவர் நிபுணர். பார்ப்பது காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. காப்பீட்டைப் பற்றி மட்டும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை உருப்படியாக வந்ததில்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் அளந்து விடுவார். அந்த வருடம் மீன்பிடிப்பின் முறை. மற்றவர்கள் குடும்பப் படம் மாட்டும் கூடத்துச் சுவரில் தூண்டில் கம்புகளை வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு குட்டி விளக்கும் போட்டிருந்தார். அவற்றில் ஒன்றுகூட நனைந்து நான் பார்த்ததில்லை.

நான் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். மூக்குக்கு ஒரு சாண் தூரத்தைத் தாண்டி உலகத்தில் எதையும் பார்க்கத் தேவையில்லாத வேலை. தலைவலி தாங்காமல் கண் மருத்துவரிடம் போனேன். "லீவு நாள்லயாவது தூரமா எதையாவது பாருங்க" என்றார். எங்கள் குடியிருப்பில் தூரமாகப் பார்க்க எதிர் மாடிக் குளியலறை ஜன்னல்தான் இருந்தது. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று தண்ணீர் நிறைந்து ஏரியாகிக் கிடந்தது. சும்மா போய் உட்கார்ந்து தண்ணீரையே வெறித்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கையில் தூண்டில் இருந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். விலை குறைவாக ஒரு கம்பும் ரீலும் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதை அக்காவிடம் போனில் சொல்லித் தொலைத்தேன். சனிக்கிழமை காலையில் நிபுணர் என் வாசலில் நின்றார்.

"தனியா போயிடாதம்மா, கடைக்காரன் கண்டதையும் உன் தலையில கட்டிடுவான்" என்றார்.

தூண்டில் கடையில் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கண்ணாடி அலமாரியைத் திறக்கச் சொல்லிவிட்டார். வெளியே வந்தது கறுப்பாக, மெல்லியதாக ஒரு கார்பன் கம்பு. விலைச்சீட்டைப் பார்த்தேன். அதற்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியே வாங்கிவிடலாம்.

"இதோட சென்சிடிவிட்டியே வேறம்மா. மீன் மூச்சு விட்டாலே கையில தெரியும்."

"சார் சொல்றது கரெக்ட்" என்றார் கடைக்காரர். சார் எதைச் சொன்னாலும் அவருக்குக் கரெக்ட்தான். முந்தின நிமிடம் இன்னொருவரிடம் கார்பன் சீக்கிரம் ஒடியும் என்று அவர் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

"குளத்தங்கரையில உட்கார்ந்து புடிக்கப் போறேன். முதல் தடவை. அதுக்கு எது போதும்?" என்று நேராகக் கேட்டேன்.

கடைக்காரர் அரைமனதாக மூலையில் இருந்த பிளாஸ்டிக் டிரம்மைக் காட்டினார். கம்பும் ரீலும் நைலான் நரம்பும் சேர்ந்தே வரும் மலிவு ரகங்கள் அதில் விறகு மாதிரி செருகிக் கிடந்தன. நிபுணரின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! சாக்கடையில் கையை விடப் போகிறவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அது குச்சிம்மா. துணி காயப்போடலாம்."

நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நரம்பு ஓடும் வளையங்களின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவினேன். கீறல் இருந்தால் நரம்பை அறுத்துவிடும் என்று புரிய நிபுணராக இருக்கத் தேவையில்லை. ரீலின் கைப்பிடியைச் சுற்றினேன். ஒன்று காபிக்கொட்டை அரைப்பதுபோல் கரகரத்தது. இன்னொன்று ஆடியது. மூன்றாவது, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டாகப் பிரித்துப் பையில் போட்டுக்கொள்ளக்கூடிய ஃபைபர் கம்பு. நுனியைத் தரையில் ஊன்றி வளைத்தால் அடம்பிடிக்காமல் வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது. ரீலும் சத்தமில்லாமல் சுற்றியது. நிறம் மட்டும் சகிக்கமுடியாத ஆரஞ்சு.

"இது போதும்."

"உன் இஷ்டம். நாளைக்கு நானும் வர்றேன். அப்பத்தான் உனக்கு வித்தியாசம் புரியும்."

ஞாயிற்றுக்கிழமை உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை அணிந்து வந்தார். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, கையில் சுவரிலிருந்து இறங்கிய கம்பு, வாயில் காற்றழுத்தம் பற்றிய பேச்சு. முதல் வீச்சிலேயே அவருடைய விலை உயர்ந்த ரீலுக்குள் நரம்பு குருவிக்கூடாகச் சிக்கிக்கொண்டது. "ஈரப்பதம்" என்றார். பாறைமேல் குந்தி அதைப் பிரிக்க ஆரம்பித்தார்.

நானும் ஒன்றும் கிழித்துவிடவில்லை. முதல் வீச்சில் தூண்டில் முள் என் சட்டைக் காலரிலேயே மாட்டிக்கொண்டது. அடுத்தது புதரில். ஒருவழியாகத் தக்கை தண்ணீரில் போய் உட்கார்ந்தது. அக்கரையில் வெள்ளைப் பாறை, அதற்கு மேலே மரங்கள். பல மாதங்களில் முதல்முறையாகக் கண்ணுக்கு அத்தனை தூரம் கிடைத்தது. நிபுணரின் முணுமுணுப்புகூட இதமாகக் கேட்டது.

தக்கை சட்டென்று உள்ளே போனது.

"அத்தான்! அத்தான்!"

"அவசரப்படாத! மெதுவா சுத்து! இல்ல, வேகமா!"

என் இஷ்டத்துக்குச் சுற்றினேன். ஆரஞ்சுக் குச்சி வளைந்து கொடுத்தது. மீசை வைத்த கெளுத்தி ஒன்று, முழங்கை நீளம், கரையில் வந்து விழுந்து துள்ளியது.

"முள்ளை எப்படி எடுக்கிறது அத்தான்? மீனுக்கு ரெண்டு பக்கமும் கூரா இருக்கே. நீங்களே எடுத்து விட்ருங்க."

திரும்பிப் பார்த்தேன். நிபுணர் மூன்றடி பின்னால் போயிருந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். மீன் இன்னொரு முறை துள்ளியதும் "ஐயோ!" என்று அலறிச் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு... அதைத் தொட்டா உடம்பெல்லாம் கூசும்மா."

"எதை? மீனையா?"

"மீனைத்தான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

சிரித்தேன். அடக்கவெல்லாம் முயலவில்லை. அவருடைய பாக்கெட் ஒன்றிலிருந்து பளபளவென்று ஒரு இடுக்கியை உருவி, துண்டை ஈரமாக்கி மீனை அமுக்கிப் பிடித்து, நானே முள்ளை எடுத்தேன். கெளுத்தி என் கட்டைவிரலில் ஒரு குத்து குத்திவிட்டுத் தண்ணீருக்குள் போனது.

"அக்காகிட்ட சொல்லிடாதம்மா" என்றார். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. காரில் ஏறி முதல் திருப்பம் தாண்டுவதற்குள், பிடித்த மீனைத் திரும்ப விடுவதுதான் உண்மையான விளையாட்டு என்று அவர் பாடம் எடுக்க ஆரம்பிக்கவே, பாவம் பறந்துவிட்டது.

அக்கா வீட்டு மதியச் சாப்பாட்டில் கேட்கவேண்டுமா! "நான் சொல்லச் சொல்ல அவ சுத்தினா. கொஞ்சம் பயந்துட்டா, நான்தான் பக்கத்துல நின்னு தைரியம் சொன்னேன்" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனேன்.

"அக்கா, உன் புருஷனுக்கு மீனைத் தொடவே பயம், தெரியுமா?"

அக்கா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "கல்யாணமான முதல் வாரமே தெரியும்."

"அப்புறம் எதுக்கு அந்தச் சுவர் முழுக்கக் கம்பு?"

"முன்னாடி கேமரா. அதுக்கு முன்னாடி மலையேத்தம். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் மனுஷனுக்கு. சுவத்துல தொங்குறது சத்தம் போடாதுடி. இதை விட்டுட்டா அடுத்தது டிரம்ஸாம், விலைகூட விசாரிச்சு வச்சிருக்கார். உனக்குப் புண்ணியமாப் போகும், வாயைத் திறக்காத."

கூடத்தில் நிபுணர் பக்கத்து வீட்டுக்காரரிடம் கெளுத்தியின் சுபாவத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் அது முழங்கையிலிருந்து முழு கை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் தனியாகத்தான் போகிறேன். பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை, தலைவலி குறைந்திருக்கிறது. நான் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் போன் அடிக்கும்.

"காத்து எந்தப் பக்கம்மா அடிக்குது? வடக்கா?"

"ஆமா அத்தான், வடக்குதான்."

வடக்கு எந்தப் பக்கம் என்று நான் பார்ப்பதே இல்லை.