கொலுப்படிக்கு அடியில் விமானங்கள்

மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங்கில் பிளாஸ்டிக் வாளி செய்து சலித்துப்போன முதலாளி ஒருவர் இருந்தார். பெயர் மீனாட்சிசுந்தரம். அவருடைய வாளியும் குழந்தை குளிக்கிற தொட்டியும் கிள்ளான் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருந்தன. அதுதான் அவருக்கு வந்த கஷ்டமே. உடையாத வாளியைச் செய்து விற்றால் மறுபடி எவன் வாங்குவான்? எனவே எண்பத்து நாலாம் வருஷம், தொட்டி வார்க்கிற பெரிய மெஷினில் விமான மாடல் வார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கையடக்கச் சமாச்சாரம் அல்ல. பாகம் பாகமாகப் பெட்டியில் வந்து, வாங்கியவன் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டி, முடித்த பிறகு சாப்பாட்டு மேசையையே அடைத்துக்கொள்கிற பெரிய மாடல்.

அச்சு வெட்டக் கையிலிருந்த பணத்துக்கு ஒரே ஒரு விமானம்தான் கட்டுபடியாகும். எந்த விமானம் என்று தீர்மானிக்கத்தான் அன்றைக்குக் கூட்டம்.

விற்பனையைப் பார்த்துக்கொண்ட கார்த்திகேசுவுக்குச் சந்தேகமே இல்லை. "ஊரறிஞ்ச சண்டை விமானம் ஒண்ணு போடுவோம் பாஸ். மூக்குல சுறாப்பல்லு வரைஞ்சிருப்பானே, அது. பெட்டி மேல அந்தப் படம் இருந்தா போதும், கடைக்காரன் தானாவே முன்னாடி எடுத்து வெப்பான்லா."

அச்சுக்குப் படம் வரைகிற தம்புசாமிக்கு அது பிடிக்கவில்லை. அவனுக்கு ஒரு காதல் இருந்தது. சிறுவயதில் சுங்கை பெசி விமான தளத்தின் வேலியோரம் பார்த்த ட்வின் பயனியர் விமானம்தான் அது. தடித்த உடம்பு, மூன்று வால், மடக்கத் தெரியாத சக்கரக் கால். காட்டுக்குள் கைக்குட்டை விரித்தாற்போல இருக்கும் இடத்தில்கூட அரிசி மூட்டையோடு வந்து இறங்கிவிடும். உலகத்தில் எந்தக் கம்பெனியும் அதைப் பெரிய அளவில் செய்ததாக அவன் கேள்விப்பட்டதில்லை. இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை என்று பட்டது.

"ட்வின் பயனியர் செய்யலாம் பாஸ்," என்றான்.

"அது என்னய்யா, முழுகாம இருக்கிற வாத்து மாதிரி இருக்குமே, அதுவா?" என்றான் கார்த்திகேசு.

முதலாளி சிரிக்கவில்லை. "ஒரு அச்சு எத்தனை வேஷம் போடும்?"

"நம்ம ஏர்ஃபோர்ஸ், வெள்ளக்காரன் ஏர்ஃபோர்ஸ், பேசஞ்சர் விமானம், மூணுக்கும் ஒரே உடம்புதான் பாஸ். ஸ்டிக்கரை மாத்தினா போதும்."

"சரி. இதையெல்லாம் மெனக்கெட்டு ஒட்டுறவன் இந்த ஊர்ல இருக்கானா?"

அங்கேதான் தம்புசாமி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். "என்ன பாஸ் இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க வீட்டுல வந்து பாருங்க. வரிசையா ஒட்டி வெச்சிருக்கேன்."

"அப்படியா? ஞாயித்துக்கிழமை ஆச்சியைக் கூட்டிக்கிட்டு வரேன். உங்க வீட்டுல கொலு வேற வெச்சிருக்கிறதாச் சொன்னியே. ரெண்டையும் சேத்துப் பாத்துடலாம். பாத்துட்டு முடிவு பண்றேன்."

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தம்புசாமி தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனான். மாடல் வாங்கியது உண்மை. போனஸ் வரும்போதெல்லாம் வாங்கினான். ஒட்டியது மட்டும் இல்லை, ஒன்றைக்கூட. நல்ல கோந்து கிடைக்கட்டும், நல்ல வெளிச்சம் வரட்டும், கை நடுக்கம் நிற்கட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டதில், பெட்டிகள் அலமாரி மேல் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

சரி, ஒன்றையாவது இரண்டு நாளில் ஒட்டிவிடுவோம் என்று கூடத்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தான். கொலு வேலை தொடங்கியதிலிருந்து அவன் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை. அலமாரி மேல் பெட்டி ஒன்றும் இல்லை.

"ரமணி, என் பெட்டியெல்லாம் எங்க?"

மனைவி கொலுவைக் காட்டினாள். வெள்ளை வேட்டி விரித்த மூன்று படி. மேல்படியில் துர்க்கை, நடுவில் தசாவதாரம், கீழே மரப்பாச்சியும் ஒரு பிளாஸ்டிக் வாத்தும்.

"பலகை வாங்கித் தாங்கன்னு கேட்டேன், நீங்க எங்க காதுல வாங்குனீங்க? உங்க பெட்டி நல்லா கெட்டியா இருந்துச்சு. உள்ள சாமான் இருக்கிறதால அமுங்கவே இல்ல."

"ஒண்ணே ஒண்ணு உருவித் தாம்மா. என் பொழப்பே அதுல இருக்கு."

"விஜயதசமி முடியற வரைக்கும் சாமியை அசைக்கக் கூடாது. அசைச்சுப் பாருங்க, தெரியும்."

அசைத்துப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியும் அவர் மனைவி நாச்சம்மை ஆச்சியும் வந்தார்கள். சுண்டல் கொடுத்தாள் ரமணி. ஆச்சி உட்கார்ந்து கணீரென்று ஒரு பாட்டுப் பாடினார். பாட்டு முடியவே கூடாது என்று தம்புசாமி வேண்டிக்கொண்டான். முடிந்துவிட்டது.

"எங்கய்யா விமானம்?" என்றார் முதலாளி.

"அது வந்து பாஸ், இங்கதான், பக்கத்துலதான்..."

அதற்குள் ஆச்சி படியை ஆட்டிப் பார்த்தார். "ரமணி, படி நல்லா நிக்குதே. எங்க வீட்டு மரப்படி ஆடுது. இதை எதுல செஞ்சே?" என்று வேட்டியைத் தூக்கினார்.

அடுக்கடுக்காகப் பெட்டிகள். கண்ணாடித் தாள்கூடக் கிழியவில்லை. படங்களில் சண்டை விமானங்கள் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறந்தன. தம்புசாமிக்கு அவமானத்தில் காது சூடேறியது. வேலை போனாலும் போகட்டும், ட்வின் பயனியர் போய்விட்டதே என்றுதான் துக்கமாக இருந்தது.

முதலாளி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்தார். "ஒண்ணையும் பிரிக்கலையா?"

"இல்ல பாஸ். மன்னிச்சுடுங்க."

"பிரிக்காமலேயே அடுத்ததை வாங்கினியா?"

"ஆமா பாஸ்."

"உன்னை மாதிரி மாடல் வாங்குற கூட்டாளிங்க?"

"எல்லாரும் இப்படித்தான் பாஸ். சுபாங் ஜெயாவுல ஒருத்தர் இதுக்குன்னே தனி ரூம் கட்டியிருக்காரு."

முதலாளியின் முகம் மலர்ந்ததைப் பார்த்துத் தம்புசாமிக்குப் பயமாகிவிட்டது.

"ஆச்சி, கேட்டியா? வாளி வாங்கினவன் அது உடையுற வரைக்கும் வரமாட்டான். இவன் முதல் பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடியே ரெண்டாவதுக்கு வந்துடறான். இந்த வியாபாரத்தை விட்டுட்டு நான் தொட்டி வார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்." தம்புசாமி பக்கம் திரும்பினார். "சுறாப்பல்லு இங்கயே மூணு கிடக்கு. நாலாவது எதுக்கு? இவனுங்க அலமாரியில இல்லாதது எதுவோ, அதுதான் விக்கும். உன் வாத்தையே போடு."

அடுத்த வருஷம் ட்வின் பயனியர் வெளிவந்தது. பெட்டி அட்டையை ஆச்சி தானே அழுத்திப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. வாத்து என்று சொன்ன கார்த்திகேசுவே இரண்டு வாங்கிப் படுக்கைக்கு அடியில் வைத்தான். தம்புசாமிக்குக் கிடைத்த முதல் பெட்டி நேரே கொலுவுக்குப் போய் நான்காம் படியானது.

விஜயதசமி முடிந்து சாமியை இறக்கிய கையோடு, ரமணி அந்தப் பெட்டியை அவன் மடியில் வைத்தாள். "இதையாவது ஒட்டுங்க. எத்தனை வருஷ ஆசை."

அவன் பிளேடை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கீறிவிட்டான். உள்ளே இரண்டு இறக்கை. இரண்டும் இடது.

மறுநாள் முதலாளியிடம் போய்ச் சொன்னான். அவர் வெளிறிப்போனார். "பிரிச்சவன் எவன்யா?"

"நான்தான் பாஸ்."

"வேற யாரும் சொல்லலையே?"

"இத்தனை மாசத்துல ஒருத்தர்கூட இல்ல பாஸ்."

நேர்மையான மனிதர், இறக்கையை மாற்றித் தருவதாகப் பேப்பரில் அறிவிப்புக் கொடுத்தார். வலது இறக்கைகளைக் குவித்து வைத்துக்கொண்டு கார்த்திகேசு ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு ஃபோன் வந்தது, அம்பாங்கிலிருந்து. "நான் இன்னும் பிரிக்கலை பாஸ், பிரிக்கவும் மாட்டேன். ஆனா அந்த இறக்கையைத் தனியா ஒரு பெட்டியில போட்டுத் தருவீங்களா?"

தம்புசாமி மட்டும் ஒரு வலது இறக்கையைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோனான். ஒட்டி முடிக்கத் தீபாவளி தாண்டிவிட்டது. கோந்து வழிந்திருந்தது, நடுவால் கோணலாக நின்றது. இருந்தாலும் மூன்று வாலும் விறைத்த காலுமாக அது சாப்பாட்டு மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ரமணி சோற்றுத் தட்டுகளோடு வந்து மேசையைப் பார்த்தாள். வைக்க இடமில்லை.

"அடுத்த வருஷம் ஒரு படி குறையும்," என்றாள்.

"குறையட்டும்."

அவள் பாயை விரித்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.