டீனாவின் மைக்கும் கத்திரிக்காய்க் கூடையும்

எங்கள் தங்கச் சுரங்க ஊரில், மைசூர் மைன்ஸ் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்கு ஒன்று கொண்டுவந்து படைப்பார்கள். காய், கேக், கோழி, எதுவானாலும் சரி. கொடுத்தவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கும். ஆராதனை முடிந்ததும் வாசலில் பந்தல் போட்டு எல்லாவற்றையும் ஏலம் விடுவோம். முதலில் சீட்டைப் படிக்க வேண்டும். பெயர் தெரியாமல் யாரும் ஏலம் கேட்கமாட்டார்கள்.

போன வருஷம் அந்தச் சீட்டுகளைப் படித்தவள் என் அண்ணன் மகள் டீனா. மைக்கைப் பிடித்தாள், ஒன்றுகூடத் தப்பில்லாமல் பொரிந்து தள்ளினாள். ஏலம் விடும் ஜெயகரன் அங்கிளே அசந்துபோனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதனால்தான் இந்த வருஷம் அவளுடைய பள்ளிக்கூடத்து ஷில்பா மிஸ் என்னைக் கூப்பிட்டு, "டீனாவுக்குப் படிக்க வரலைங்க" என்றபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அண்ணனும் அண்ணியும் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறினால் பெங்களூரில் வேலை முடிந்து இருட்டிய பிறகுதான் வருவார்கள். மருந்துக் கடையில் வேலை செய்யும் நான்தான் டீனாவுக்கு எல்லாம். என் பிள்ளைக்கா படிக்க வராது?

வீட்டுக்கு வந்ததும் சமையலுக்கு வைத்திருந்த கத்திரிக்காயில் ஒன்றை எடுத்தேன். ஒரு சீட்டில் 'டெய்சி' என்று அவள் அம்மா பெயரை எழுதி அதில் ஒட்டினேன்.

"படி."

டீனா சீட்டைப் பார்க்கவே இல்லை. காயைப் பார்த்தாள்.

"ஸ்டீவன் அங்கிள்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் சர்ச்சில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் வருஷா வருஷம் ஒரே பொருளைத்தான் கொண்டுவருவார்கள். கத்திரிக்காய் என்றால் ஸ்டீவன். பிளம் கேக் என்றால் இசபெல்லா ஆன்ட்டி. எலுமிச்சம்பழம் என்றால் ஐடா ஆன்ட்டி. இந்தப் பொடிசு சீட்டைப் படிக்கவில்லை, சபையையே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது! திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. ஆனால் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எழுத்துங்க ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது அத்தை. பாஸ்டர் கிட்ட சொல்லிடுவியா? மைக்க வாங்கிடுவாங்களா?"

அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்தது. குழந்தையிடம் இருந்த ஒரே கெத்து அந்த மைக்தான்.

"சொல்லமாட்டேன். ஆனா இந்த வாட்டி நெசமா படிக்கணும்," என்றேன்.

ஷில்பா மிஸ் வழி சொன்னார். மாத்திரை டப்பா அட்டையில் ஓர் எழுத்து மட்டும் தெரியும் அளவுக்குச் சின்ன ஜன்னல் வெட்டினேன். அதைச் சொல்லின்மேல் வைத்து நகர்த்தினால் ஒரு நேரத்தில் ஓர் எழுத்துதான் கண்ணில் படும். அவசரப்படுத்தக் கூடாது என்பது மிஸ்ஸின் கண்டிப்பான உத்தரவு. எனக்கா? பால் பொங்கும் வரைக்கும் நிற்கப் பொறுமை கிடையாது. பழகுவதற்காக எழுதிக்கொடுத்த சபையார் பெயர்களில் 'வின்னி'யோடு அவள் மல்லுக்கட்டும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் கத்தியே விட்டேன். பக்கத்து வீட்டு முனிரத்தினம் அண்ணன் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"இன்னாம்மா கரோலின், புள்ளைய ஏன் மெரட்ற? மெதுவாதான் படிக்கட்டுமே. ரயிலா போயிடப் போவுது?"

டீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். நானும் அடங்கினேன்.

பண்டிகையன்று பந்தல் நிறைந்திருந்தது. முதலில் பிளம் கேக். டீனாவின் வாய் 'இ' என்று விரியப் போனது, நான் பார்த்தேன். பிறகு கவுன் பையிலிருந்து அட்டையை எடுத்துச் சீட்டின்மேல் வைத்தாள். "இ... ச... பெ..." என்று ஊர்ந்தாள். பின்வரிசையில் யாரோ "சீக்கிரம்மா!" என்றார்கள். அவர்களைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது எனக்கு. அவள் காதில் வாங்கவில்லை. இசபெல்லா ஆன்ட்டியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

எலுமிச்சையும் கோழியும் அப்படியே நகர்ந்தன. கூட்டம் நெளிந்தது. ஜெயகரன் அங்கிள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் கத்திரிக்காய்க் கூடை மேஜைக்கு வந்தது. சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொரு காயும் பளபளவென்று இருந்தது.

"ஸ்டீவன்!" என்று மொத்தப் பந்தலும் கத்தியது. அன்று ஸ்டீவனுக்கு ஷிப்ட், அவர் வரவில்லை.

"அதான் எல்லாருக்கும் தெரியுமே, இதெல்லாம் படிக்கணுமா? ஆரம்பிக்கலாம்!" என்று ஜெயகரன் அங்கிள் கையை உயர்த்தினார்.

"இருங்க அங்கிள்," என்றாள் டீனா மைக்கில். "நான் இன்னும் படிக்கல."

அவள் அட்டையை வைத்தாள்.

"மு... னி..."

நாங்கள் ஒருநாளும் எழுதிப் பழகாத பெயர். அதுவும் இவ்வளவு நீளம்.

"ர... த்... தி..." நின்றாள். அட்டையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள், மறுபடி நகர்த்தினாள். "தி... ன... ம்."

தலையை நிமிர்த்தினாள். "முனிரத்தினம்!"

எல்லோரும் திரும்பினார்கள். சபையைச் சேராதவரானாலும் வருஷா வருஷம் கேக் ஏலம் கேட்க வந்து கேட் பக்கம் நிற்கும் எங்கள் முனிரத்தினம் அண்ணன், இந்த வருஷமும் அங்கேதான் வெட்கத்தோடு நின்றிருந்தார்.

"நாத்து ஸ்டீவன் குட்த்ததுதான்," என்றார். "அவரு செடிய பூச்சி துன்னுட்ச்சி. என்னுது நல்லா காச்சிது. அதான் சர்ச்சுக்குக் கொண்டாந்தேன்."

பந்தல் சிரிப்பில் அதிர்ந்தது. ஜெயகரன் அங்கிள் கையைக் கீழே இறக்கினார். மைக்கைத் தானே பிடித்து டீனாவின் வாயருகே சரிசெய்தார்.

"இனிமே யாரும் முந்திக்கிட்டு கத்தாதீங்க," என்றார். "பாப்பா படிச்சி முடிக்கட்டும்."

நான் அழுதேன். அதை ஐடா ஆன்ட்டி பார்த்துவிட்டார். பார்க்கட்டும்.

டீனா அடுத்த சீட்டின்மேல் அட்டையை வைத்தாள். அவ்வளவு பேரும் காத்திருந்தோம்.