பின்கதவுத் தூணில் பதினோரு கோடுகள்

அந்த ஜீப்பின் அடிச்சட்டத்தில் இருந்த பதினேழு வெல்டிங்கும் காந்தக்காரர் கையால் வைத்தவை. ஆனால் அந்த ஜீப்பை அவர் முதன்முதலாகப் பார்த்ததே அன்று காலை பத்தரை மணிக்குத்தான். இரும்புக் கடைக்காரரின் கொட்டகைக்குப் பின்னால், உடைந்த பீரோக்களுக்கும் ஓட்டைத் தொட்டிகளுக்கும் நடுவில், நாலு சக்கரமும் மண்ணில் புதைந்து அது நின்றது. சாக்கை விரித்து மல்லாந்து அடியில் நுழைந்தவர், டார்ச் வெளிச்சத்தில் முதல் வெல்டிங்கைக் கண்டதும் வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நுழைந்தார். இடதுகைக்காரரான அவருக்கு அந்தக் கையின் கட்டைவிரல் மடங்காது. அதனால் ஒவ்வொரு வெல்டிங்கின் முடிவிலும் ராடைத் தூக்கும்போது கை தானாக வளைந்து இடப்பக்கமாக ஒரு சின்னக் கொக்கி விழும். வேறு எந்த வெல்டருக்கும் அது விழாது. இங்கே பதினேழிலும் கொக்கி இருந்தது, அதன்மேல் இருபது வருஷத் துரு பொருக்குத் தட்டியிருந்தது.

காந்தக்காரர் என்பது தெரு வைத்த பெயர். பழைய வண்டிகளில் பட்டி பூசி மறைத்த துரு ஓட்டையின்மேல் காந்தம் ஒட்டாது என்பதால் சட்டைப்பையில் எப்போதும் ஒன்று வைத்திருப்பார், அதுவரை தொழில். கல்யாணத்தன்றே மனைவியின் வளையலிலும் அதை வைத்துப் பார்த்தாரே, அது தொழிலில் சேராது. மாமனார் வீட்டில் அதை இன்னும் மன்னிக்கவில்லை. தன் நிழலையே நம்பாத மனிதர். ஒன்பது வருஷமாகக் குழந்தை இல்லை என்று மூன்று மருத்துவர்களிடம் போனார்கள். மூவரும் இனி வாய்ப்பில்லை என்று ஒரே பதிலைச் சொன்னதும், மூவரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டார். ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாகப் பழைய வண்டி ஒன்றை வாங்கிச் சேர்ந்து சரிசெய்யலாமே என்றது மனைவி. அந்த அம்மாள் ஆயத்த ஆடை ஆலையில் தையல்காரி.

அன்று அவர் ஜீப்பைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பானட்டைத் தட்டிக் காதை வைத்தார். கதவின் அடியில் திருப்புளியைக் குத்தினார், அது பிடிவரை இறங்கியது. ரேடியேட்டர் தண்ணீரை மோந்து பார்த்தார். நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் குட்டைக் கம்பியைத் தள்ளினார். இத்தனை துருவிலும் அது மறுபேச்சில்லாமல் கியரில் விழுந்தது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. யார் வண்டி இது என்று கடைக்காரரைத் துளைத்தெடுத்தார்.

“யாரோ வயசானவர் விட்டுட்டுப் போனாரு. வண்டில ஒரு குறையும் இல்லன்னாரு. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனாரு,” என்ற கடைக்காரர் சற்று யோசித்து, “இப்ப பாத்தா உங்க ஜாடைதான்,” என்றார்.

இவ்வளவு துருவை வைத்துக்கொண்டு குறையே இல்லை என்று சொல்லிப் போனவன் பெரிய களவாணியாகத்தான் இருக்க வேண்டும் என்று காந்தக்காரர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். தன் கொக்கியைத் திருடியது யார் என்பதிலும் அவருக்குக் குழப்பம் இல்லை. மூன்று வருஷம் பட்டறையில் கூட இருந்து, சண்டை போட்டுக்கொண்டு போன மச்சினன்தான். நேரே போய் அவனைப் பட்டறைக்கு இழுத்து வந்து ஒரு தகரத்தையும் ராடையும் கையில் கொடுத்து, போட்டுக் காட்டு என்றார். பாவம், அவன் ஏழு தடவை முயன்றான், ஏழு தடவையும் கொக்கி வலப்பக்கமே விழுந்தது. “மாமா, அந்தத் துருவோட வயசு என்ன? அப்ப எனக்குப் பல்லு விழுந்து முளைச்சுக்கிட்டிருந்துது,” என்று சொல்லிவிட்டுக் கோபமாகப் போய்விட்டான்.

தம்பியைத் திட்டியதைக் கேட்டுச் சண்டை போடக் கொட்டகைக்கு வந்த மனைவி, சண்டையை மறந்து பின்சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சீட்டுக்குப் போட்டிருந்த உறை வெளுத்துப் பஞ்சு துருத்திக்கொண்டிருந்தது. அது அவள் வீட்டு ஜன்னலில், போன மாதம் வாங்கித் தொங்கவிட்ட நீலப் பூப்போட்ட துணி. தையலும் அவளுடையதே, முனையில் இரண்டு தடவை திருப்பி அடித்திருந்தது. முன்சீட்டின் முதுகுக் கட்டையில் பால்பல் கடித்த தடங்கள் இருந்தன. பின்கதவுத் தூணில் ஆணியால் கீறிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின; பக்கத்தில் அவள் கையெழுத்தில் எண்கள். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவது அவள் வழக்கம், அதுவும் இருந்தது. அவள் முதல் கோட்டின்மேல் விரலை வைத்து அழுதாள். அவர் கடைசிக் கோட்டைப் பார்த்தார். பதினொன்று. அதற்குமேல் தூணில் ஒரு முழம் இடம் இருந்தது, கோடு இல்லை.

இந்த வண்டி வேண்டாம் என்றார். கோடு ஏன் நின்றது என்று கேட்டார். அவளைக் கேட்டார், கடைக்காரரைக் கேட்டார், தூணையே கேட்டார். அந்தக் கிழவன் எதையோ மறைத்திருக்கிறான் என்று ஒரு வாரம் புலம்பினார். கடைசியில் அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“பதினொண்ணு இருக்குல்ல? இப்ப நம்மகிட்ட ஒண்ணுகூட இல்ல.”

மறுநாள் ஜீப் பட்டறைக்கு வந்தது. கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்ததும் பதினேழு வெல்டிங்கும் துருவோடு உதிர்ந்து, அந்தந்த இடத்தில் பதினேழு ஓட்டைகள் நின்றன. சீட்டு உறையும் பல்தடமும் கோடுகளும் மறைந்து, கட்டையும் தூணும் சுத்தமாக இருந்தன. அவர் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். கொக்கி விழாமல் போடப் பார்த்தார், விழுந்தது. பதினேழாவது வெல்டிங் ஆறும்போது மனைவிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மூன்று மருத்துவர்களும் ஆச்சரியப்பட்டார்கள், அதையும் அவர் நம்பவில்லை. பெண் குழந்தை பிறந்தது. ஜன்னல் துணி சீட்டு உறையானது. குழந்தை முன்சீட்டின் முதுகைக் கடித்து வைத்தது.

அந்தப் பதினோரு வருஷமும் அவர் நிம்மதியாக ஒரு வாய்ச் சோறு தின்றதில்லை. ஒவ்வொரு பிறந்தநாளிலும் அம்மா ஆணியோடு வருவாள், இவர் அதற்குமுன் டயரில் காற்றுப் பார்ப்பார், காற்று இறங்கினால் அளவு மாறுமாம். மகளைக் கிணற்றடிக்கு விடவில்லை, சைக்கிள் தொடவிடவில்லை. பள்ளிக்கு அவள் பின்னாலேயே பத்தடி தள்ளி நடந்தார், ஆசிரியர்களைச் சந்தேகித்தார், மேகத்தைச் சந்தேகித்தார். பதினோராவது கோடு விழுந்த அன்று ஜீப்பின் பேட்டரியைக் கழற்றி ஒளித்துவைத்தார். அவள் தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்கு அந்த வருஷம் ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை, அது அவரை இன்னும் கலவரப்படுத்தியது.

பன்னிரண்டாம் பிறந்தநாளும் வந்தது. காற்றுப் பார்த்தாயிற்று. மனைவி ஆணியோடு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மகளைக் கூப்பிட்டார்கள். அறைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“நான் வரலப்பா. வருஷா வருஷம் நிக்க வச்சு அளக்க நான் என்ன ஜன்னல் துணியா? அடுத்த வருஷமும் வரமாட்டேன், சொல்லிட்டேன்.”

காந்தக்காரர் அப்படியே ஜீப்பின் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். தெருவே திரண்டது. மனைவி ஆணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு நிற்கவில்லை. பயந்துபோன மகள் வெளியே ஓடிவந்து, சரி அழாதீங்கப்பா, நிக்கிறேன் என்று தூணில் முதுகை ஒட்டி நின்றாள். அவர் துள்ளி எழுந்து அவளை இழுத்தார்.

“வேணாம்மா. நீ நிக்காத. உள்ள போ.”

அன்று சாயங்காலம் பேட்டரியை மாட்டினார். காந்தம் பீரோ கதவில் மகளின் பள்ளி அட்டவணையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. மகள் அவரைவிட ஒரு சாண் உயர்ந்தாள், அதே ஜீப்பில் ஓட்டப் பழகினாள், வேலைக்குப் போனாள், தனக்கென்று வேறு வண்டி வாங்கினாள். ஜீப்பில் துரு எந்தெந்த இடத்தில் வர வேண்டுமோ அங்கெல்லாம் வந்தது. அவர் தேய்க்கவில்லை. தலை முழுக்க நரைத்த ஒரு நாள் அதை ஓட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். செத்து எட்டு வருஷமான இரும்புக் கடைக்காரர், பழைய வயதிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பீரோக்களுக்கும் தொட்டிகளுக்கும் நடுவில் ஒரு வண்டி நிற்க இடம் காலியாக இருந்தது. வண்டியில் ஏதாவது கோளாறு உண்டா என்று கடைக்காரர் கேட்டார். ஒரு குறையும் இல்லை என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு, காந்தக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.