மாடத்தி பேச வேண்டிய இடம்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் குருவம்மாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எனக்கு அடுத்த வீடு. நான் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 1997 மழைக்காலத்தில் ஒருநாள் கதவைத் தட்டினார்.

“தம்பி, மாடத்தி பேசுற மாதிரி ஒண்ணு எழுதித் தருவீகளா?”

“யாரு மாடத்தி?”

“எங்கூடச் சண்ட போடுறவ.”

2

முதல் தொடக்கம்: ‘சோவியத் யூனியன் உடைந்தபோது உலக முதலாளித்துவம் தன் வெற்றியை…’ வேண்டாம். இதில் இரண்டு பெண்களும் வர இன்னும் நாலு பக்கம் ஆகும்.

இரண்டாம் தொடக்கம்: எண்பதுகளில் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் இரண்டு பெண்கள் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார்கள். குருவம்மாள் வன்னியம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். மாடத்திக்குச் சோழபுரம். அவள் சங்கத்தில் இருந்தாள். தூக்குச்சட்டியைத் திறந்ததும் வாக்குவாதம் ஆரம்பமாகிவிடும்.

“நம்ம உழைப்புலதாம்ட்டி முதலாளி காரு வாங்குதான்.”

“வாங்கட்டும். ஒருநா நானும் வாங்குவேன்.”

“எல்லாரும் முதலாளியானா நூலச் சுத்துறது யாரு?”

“ஏன், நீ சுத்து.”

தலையில் பஞ்சு ஒட்டியிருக்க இருவரும் சிரிப்பார்கள்.

(இந்த இடத்தில் வேங்கடேசன் என்று ஒரு தோழர் வந்து உபரி மதிப்பு பற்றி மூன்று பக்கம் பேசினார். நீக்கிவிட்டேன். தோழர் மன்னிக்கவும்.)

(இன்னொன்று. குருவம்மாளை ‘அவர்’ என்றும் மாடத்தியை ‘அவள்’ என்றும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்னால் தறி வாங்கப்போகிறவருக்கு மட்டும் மரியாதை. இனிமேல் மாடத்தியும் ‘அவர்’.)

3

1990இல் குருவம்மாள் கழுத்துச் செயினை விற்று, சத்திரப்பட்டிப் பக்கம் நாலு விசைத்தறி போட்டார். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. நாலு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். திறப்பு அன்று மாடத்தி வந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்: “ஏட்டி, இப்ப நீ எந்தப் பக்கம்?”

“உம் பக்கந்தான். தறி எம் பேர்ல இருக்கு, அம்புட்டுதான்.”

அடுத்த வருஷம் ரஷ்யா உடைந்தது. டெல்லியில் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. சங்க ஆபீசில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பிறகு மில் நூல் கப்பலேறத் தொடங்கியது. உள்ளூரில் நூல் விலையும் ஏறியது, அரிசி விலையும் ஏறியது. தறிக்கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. சுருட்டி வைத்த சங்கக் கொடியைத் தறியில் நின்ற பெண்களே போய் எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்து வந்தவர் மாடத்தி.

குருவம்மாளின் ஷெட் வாசலில் நாலு பெண்களுக்கும் முன்னால் நின்று மாடத்தி சொன்னார்: “முதலாளியம்மா, கூலி உயர்வு கேட்டு வந்திருக்கோம்.”

“என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுருந்தா கேட்டதுக்கு மேலயே குடுத்துருப்பேன் தம்பி” என்கிறார் குருவம்மாள். (எனக்குச் சந்தேகம்தான். வீம்புக்காரர்.)

ஆனால் கூலி உயர்வுக்குக் கையெழுத்துப் போட்டார். மற்றத் தறி முதலாளிகள் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நூல் இன்னும் ஏறியது. பொங்கலுக்குள் ஷெட் மூடியாயிற்று.

தறிகளை லாரியில் ஏற்றிய அன்று மாடத்தி வந்தார். ஆள் பற்றவில்லை. பாவு நூல் சுற்றிய கனத்த இரும்பு உருளையின் ஒரு முனையைத் தானே பிடித்துத் தூக்கிக் கொடுத்தார். கையைத் துடைத்தார், போய்விட்டார். வேலை போன நாலு பெண்களையும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கூட்டிப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார்.

“ஒத்த வார்த்த பேசல. நாலு ஏச்சு ஏசிட்டுப் போயிருக்கலாம்ல? எம்புட்டோ வருஷமா ஓயாமப் பேசுன வாயி…”

4

முதலில் எழுதிக்கொண்டு போனதில் மாடத்தி திரும்பி வந்து, “தப்பு எம்மேலதான், குருவு” என்று அழுதார். நான் வாசிக்க வாசிக்கக் குருவம்மாள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“இது வேற எவளோ. அவ ஒத்துக்கிட மாட்டா.”

இரண்டாவதில் மாடத்தியைப் பேசவிட்டேன்.

‘நீயும் எங்ககூட நின்னுருந்தா, நூல் விலையக் கேட்டு மில்லு வாசலுக்கே போயிருக்கலாம்.’

குருவம்மாள் தாளைப் பார்த்தே கத்தினார்: “நான் வாசல்ல நின்னா கரண்டு பில்ல யாரு கட்டுவா? ரஷ்யாவா? அதுவே இல்லாமப் போச்சு!”

‘ரஷ்யா போனா பசியும் போயிருமா?’

“பசிக்குத்தான நாலு பேருக்கு வேல குடுத்தேன்? கப்பல்ல நூல ஏத்துனவன விட்டுட்டு என் கழுத்தப் புடிச்சியே, நியாயமா?”

குரல் தெருவரை போயிற்று. அவ்வளவு சந்தோஷமான முகத்தோடு அவரை நான் பார்த்ததே இல்லை.

“ம்… அதுக்கு என்ன சொல்லுதா? அடுத்த தாளத் திருப்புங்க.”

அடுத்த தாள் இல்லை.

5

நாலு தறி வைத்திருந்தவருக்கும் அந்த நாலு தறியில் நின்றவர்களுக்கும் ஒருசேரச் சொல்ல ஒரு பதிலை நானும் தேடிப் பார்த்துவிட்டேன். திருப்பூரில் விசாரித்தேன். மாடத்தி அங்கே கம்பெனி கம்பெனியாகக் கொடி ஏற்றுகிறார் என்கிறார்கள், வீடு தெரியவில்லை. நீங்கள் அவரைப் பார்த்தால் கேட்டுச் சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால் நீங்களே எழுதுங்கள். சமாதானமாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நேற்று மதில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே குருவம்மாள் கேட்டார்:

“தம்பி, அவ ஏதும் சொன்னாளா?”