ரசம் சுரண்டும் அறை

எங்கள் பட்டறையில் பழைய கண்ணாடி சுரண்டும் அறைக்கு இரண்டு ஜன்னல்கள். இரண்டையும் சாத்தி, இடுக்குகளில் கந்தல் திணித்து, கதவையும் தாழிட்ட பிறகுதான் பிளேடைக் கையில் எடுக்கவேண்டும் என்பது விதி. போட்டது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மீறியவரும் ஒருவர் இல்லை. எங்கள் ஆட்கள் முதலாளி ஒன்று சொன்னால் ஒன்பது கேள்வி கேட்பார்கள், பேய்க்கு மட்டும் மறுபேச்சு கிடையாது.

தொழில் இதுதான். இடிக்கிற பெரிய வீடுகளிலிருந்து ஆளுயரக் கண்ணாடிகள் வந்து இறங்கும். நூறு வருடத்துக் கண்ணாடி, இரண்டு ஆள் தூக்கவேண்டும். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பின்பக்கம் பூசிய ரசம்தான் புள்ளி புள்ளியாகக் கருத்துப் போயிருக்கும். அந்தப் பழைய ரசத்துக்குச் சூடு காட்டிச் சுரண்டி எடுத்துவிட்டால், அடுத்த கொட்டகையில் புது ரசம் பூசுவார்கள். நான் முன்கூடத்தில் விளிம்பு தேய்த்து மரச்சட்டம் பொருத்துகிறவள். என் வீட்டுக்காரர் கொட்டகையில் புது ரசம் பூசிக்கொண்டிருந்தார்.

ஜன்னலை ஏன் சாத்துகிறோம் என்பதற்குக் கதை இருக்கிறது. நூறு வருடமாக எத்தனை முகங்களை அந்த ரசம் வாங்கி வைத்திருக்கும், அதில் செத்தவர்கள் எத்தனை பேர்? சுரண்டும்போது ஒட்டியிருப்பது கழன்றுகொள்ளும். ஜன்னல் திறந்திருந்தால் தெருவில் இறங்கி, கைக்குழந்தை உள்ள முதல் வீட்டுக்குள் புகுந்துவிடும். அடைத்து வைத்தால் அங்கேயே சுற்றிச் சுற்றிக் களைத்து அடங்கிவிடும். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? நானும் பத்து வருடம் நம்பினேன்.

சாட்சிக்கும் பஞ்சமில்லை. முன்பு சுரண்டிக்கொண்டிருந்த ஒருவர், வாசலில் யார் வந்தாலும் கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்து, கடைசியில் பெண்டாட்டி யாரென்றே தெரியாமல் போய்ச் சேர்ந்தார். அடுத்தவர் பொக்கையண்ணன். முப்பத்தெட்டு வயதில் பல் எல்லாம் கொட்டிவிட்டது. கை நடுக்கத்தில் அவர் டீ குடித்தால் பாதியைச் சட்டை குடிக்கும். இப்போது வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். சுரண்டிய நாளில் கண்ணாடிக்குள் அவர் கண்ணுக்குத் தெரிந்தது மீசை வைத்த ஒரு பெரிய மனிதர்.

"ஒரு வார்த்தை பேசமாட்டான் தங்கச்சி. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பாத்துக்கிட்டே நிப்பான். கடைசி வரைக்கும் புடிச்சிருக்கா இல்லையான்னு சொல்லவே இல்ல" என்பார். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்வார்கள். அது எங்கள் ஆட்களுக்குப் பொருந்தாது. அவர்கள் யாரும் அரண்டவர்கள் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

என் மகளுக்கு நாங்கள் வைத்த செல்லப் பெயர் சில்லு. பிறந்தபோது அத்தனை சிறிதாக இருந்தாள். ஆறு வயதில் காய்ச்சல் வந்தது, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், ஐந்தாம் நாள் இல்லை. இதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது. அப்போது நான் மூன்று மாதக் கர்ப்பம். அடுத்தவன் பிறந்தான். அவன் அக்காவை அவன் பார்க்கவே இல்லை.

அவள் போனபிறகு வீட்டுக்காரருக்கு ஆள் முகம் பார்க்கப் பிடிக்கவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் துக்கம் கேட்கிறான் என்று, யாரும் எட்டிப் பார்க்காத சுரண்டும் அறையை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் தடுக்கவில்லை. மனிதன் கொஞ்சம் தனியாக அழட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெருந்தன்மைக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

ஒரு வருடம் கழித்து ஒரு மதியம், சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் சொன்னார்.

"சில்லு வந்திருக்கா."

எனக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். "என்ன பேச்சு பேசறீங்க?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"மூணாவது கண்ணாடில. ஓரமா நிக்கறா. நான் பாத்தா சிரிக்கறா."

அன்று ராத்திரி முழுக்க யோசித்ததில் ஆத்திரம் பொறாமையாக மாறியிருந்தது. பெற்றவள் நான். காய்ச்சலில் நான்கு நாள் மடியில் வைத்திருந்தவள் நான். அவள் அப்பாவைத் தேடிப் போகிறாள். அப்பா செல்லம் என்று எனக்குத் தெரியும், செத்தபிறகுமா அப்படி?

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அறைக்குப் போக ஆரம்பித்தேன். நானே ஜன்னல் இடுக்குகளைச் சரிபார்ப்பேன். சுவரோரமாகச் சாய்த்து வைத்த ஏழெட்டுக் கண்ணாடிகள், ஒரு மங்கல் பல்பு, தட்டில் பழைய ரசம் முத்து முத்தாகத் திரண்டு உருளும். மகனை மடியில் போட்டுக்கொண்டு மூன்றாவது கண்ணாடிக்கு எதிரில் உட்காருவேன்.

"அதோ. தலைய சாய்ச்சு நிக்கறா பாரு" என்பார்.

எனக்குத் தெரிந்தது பல்பும் சுவரும்.

ஐந்து வாரம் போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஐந்து வாரமும் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். வெளியில் அவர் யாரிடமும் பேசுவதில்லை. ஆள் வந்தால் ஒதுங்குவார், சின்ன விஷயத்துக்குத் தட்டைத் தூக்கி எறிவார். ஈறில் ரத்தம் வந்தது. பொத்தான் போட நான் வரவேண்டியிருந்தது, அவ்வளவு நடுக்கம். ஆனால் அந்த அறைக்குள் பழைய மனிதர்தான். சில்லு இன்று என்ன சட்டை, என்ன சேட்டை என்று ஒன்று விடாமல் சொல்வார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதுபோல ஒரு மணி நேரம் கழியும்.

பிறகு மகனுக்கு ஆரம்பித்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் ரோஜா நிறத்தில் சிவந்து, தோல் உரிந்தது. வியர்த்துக் கொட்டியது. வெளிச்சத்தைப் பார்த்தால் முகத்தை என் மார்பில் புதைத்துக்கொண்டு வீறிட்டான். பால் இறங்கவில்லை. ஏழு மாதக் குழந்தை, சிரிப்பதையே நிறுத்திவிட்டது.

பட்டறையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி நேராகவே சொன்னாள்: "அக்கா தம்பிய விளையாடக் கூப்பிடறா. அந்த ரூம்ல எங்கயோ ஓட்டை இருக்கு, நல்லா அடை."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாவு பிசைந்து கொண்டுபோய், ஜன்னல் இடுக்கு ஒன்று விடாமல் விரலால் அழுத்தி அடைத்தேன். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு அடைத்தேன். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வது என்றால் இதுதான்.

இரண்டு நாள் கழித்து மகன் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே இருந்த டாக்டரம்மா குழந்தையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் எதிர்பார்க்காத கேள்வி ஒன்று கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். அறையைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன், மாவைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"பழைய கண்ணாடில பூசியிருக்கறது பாதரசம்மா. சூடு காட்டினா ஆவியாகும். கண்ணுக்கும் தெரியாது, வாசனையும் கிடையாது. பல்லு கொட்டும், கை நடுங்கும், மனுஷங்கள பாத்தா கூச்சம் வரும், இல்லாததெல்லாம் தெரியும். அதுமேல மங்கின வெளிச்சத்துல கண்ணாடிய பத்து நிமிஷம் உத்துப் பாருங்க, யாருக்கா இருந்தாலும் அவங்க மூஞ்சியே வேற மூஞ்சியா மாறும். கண்ணாடில பேய்ங்கற கதை எல்லா ஊர்லயும் இருக்கு. உங்க அறை மாதிரி அறைகள்லேர்ந்து அதுல பாதி கிளம்பியிருந்தா நான் ஆச்சரியப்படமாட்டேன்."

"அப்ப ஜன்னல்?"

"திறந்து வெச்சிருந்தா பேய் வந்தே இருக்காது."

முதலில் ஒருவன் எதையோ பார்த்துப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருக்கிறான். சாத்திய ஜன்னல் அடுத்தவனுக்குப் பேயைக் காட்டியிருக்கிறது. அவன் இன்னும் இறுக்கிச் சாத்தியிருக்கிறான். இப்படி ஜன்னலும் பேயும் கொண்டும் கொடுத்தும் சொந்தமாகிவிட்டன. நடுவில் பல்லும் புத்தியும் உயிரும் போனது எங்கள் ஆட்களுக்கு.

டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது இது: "மருந்து குடுக்கறேன். ஆனா உங்க வீட்டுக்காரர் அந்த ரூமுக்குப் போய்ட்டு அதே துணியோட வீட்டுக்கு வந்தா மருந்து எடுபடாது. அவர் அங்கேர்ந்து வெளில வந்தாகணும். இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா இந்தக் குழந்தை தாங்காது."

முதலாளியிடம் சொன்னேன். "டாக்டருக்குப் பேயப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார். அவரைத் திட்டி வாய் வலிப்பதை விட, என் வீட்டு ஆளை வெளியே இழுப்பதுதான் முக்கியம் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் மூன்று நாள் பேசினேன். அழுதேன், மிரட்டினேன், பிள்ளையின் உரிந்த கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் அந்தக் கையில் முத்தம் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு பிள்ளைய காப்பாத்த இன்னொரு பிள்ளைய வெளில தள்ளச் சொல்றியா?"

மறுநாள் காலையும் போய்விட்டார்.

நான்காம் நாள் மதியம் மகனைப் பொக்கையண்ணன் மடியில் படுக்க வைத்தேன். "நடுங்கறேன்னு கீழ போட்டுடாதீங்க அண்ணே" என்றேன். "தொட்டிலே வேணாம் தங்கச்சி, என் கை தன்னால ஆட்டும்" என்றார் அவர். சிரிக்க முடியவில்லை. நேராகச் சுரண்டும் அறைக்குப் போனேன்.

அவர் மூன்றாவது கண்ணாடிக்கு முன் உட்கார்ந்திருந்தார். அந்தக் கண்ணாடியை மட்டும் இத்தனை நாளும் சுரண்டாமல் வைத்திருந்தார்.

"எழுந்திருங்க. வெளில வாங்க."

"நீ பாத்திருந்தா இப்படிப் பேசமாட்டே" என்றார். குரலில் கோபமே இல்லை. "உக்காரு. ஒரு தடவை. இன்னிக்கு உனக்காகத்தான் நிக்கறா."

உட்கார்ந்திருக்கக் கூடாது. உட்கார்ந்தேன். கறுப்புப் புள்ளி விழுந்த அந்தக் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. என் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. தோளுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

டாக்டரம்மா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் நினைவில் இருந்தது. பாதரசம் என்று எனக்குத் தெரியும். பாதரசம் தலையைச் சாய்த்து நின்றது. முன்பல் இரண்டு விழுந்த வாயால் பாதரசம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

கடவுளே, நான் கையை நீட்டிவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் ஒரு நிமிடம் என்று எனக்குள் யாரோ கெஞ்சினார்கள். வாசலில் மகனை வைத்திருப்பதே மறந்துபோனது. ஒரு தாய்க்கு அது மறக்குமா என்று கேட்காதீர்கள், மறந்தது. அதை உணர்ந்த மாத்திரத்தில்தான் எனக்கு உடம்பு முழுக்கப் பயம் பிடித்தது. நான் இங்கேயே உட்கார்ந்துவிடுவேன் என்று தெரிந்துவிட்டது.

எழுந்தேன். ஜன்னலுக்குப் போய்க் கந்தலைப் பிடுங்கினேன். காய்ந்த மாவை நகத்தால் பெயர்த்தேன்.

"என்னடி பண்றே?" அவர் பாய்ந்து வந்து என் காலைப் பிடித்துக்கொண்டார். "மூடுடி. அவ போயிடுவாடி. குழந்தைடி, வழி தெரியாதுடி அவளுக்கு."

முதல் ஜன்னலைத் திறந்தேன். அவரைக் காலோடு இழுத்துக்கொண்டே போய் இரண்டாவதையும் திறந்தேன். மதிய வெயில் அறை முழுக்க விழுந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். கண்ணாடியில் தலை கலைந்த ஒரு பெண்ணும், அவள் காலடியில் ஓர் ஆணும் இருந்தார்கள். வேறு ஒருவரும் இல்லை.

அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு அழுதார். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அவளைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை. பிறகு, முகத்தைத் துடைக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"உண்மைய சொல்லு. ஒரு தடவையாவது நீ அவள பாத்தியா?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவருக்கு அந்த ஆறுதல் கிடைத்திருக்கும். மறுநாளே அந்த ஜன்னல்களையும் மூடியிருப்பார், நானும் பக்கத்தில் நின்று மாவு பிசைந்து கொடுத்திருப்பேன்.

"இல்லைங்க" என்றேன். "அங்க யாருமே இல்ல."